கட்டைவிரல் அளவு முகம்

கல்யாண வீட்டுக் கூட்டப் படத்தில் பொட்டளவு இருந்த முகத்தை, மாலை போட்டு மாட்டும் அளவுக்கு மிஷின் நொடியில் பெரிதாக்கியது. ஸ்டூடியோக்காரர் இருதயராஜ் பெருமையாகத் திரையைத் திருப்பினார்.

பூக்கட்டும் செண்பகவல்லி, இறந்துபோன கணவனை உற்றுப் பார்த்தாள். "அண்ணே, இவருக்கு முன்பல்லு ஒண்ணு சாஞ்சிருக்குமே?"

"சின்னப் படத்துல பல்லே தெரியலம்மா. இல்லாததை மிஷினே நிரப்பிக்கும். இப்ப எல்லார் வீட்லயும் இப்படித்தான்."

இடுப்பிலிருந்த மகள் திரையைத் தொட்டாள். "யாரும்மா இந்த மாமா?"

இருதயராஜ் சுவரைப் பார்த்தார். மாதிரிக்கு மாட்டியிருந்த அப்பாக்கள் அத்தனை பேருக்கும் அதே பல்வரிசை.

"நிரப்பாம எடுத்தா கட்டைவிரல் அளவுதாம்மா வரும்," என்றார் மெல்ல.

"வரட்டும்ண்ணே. மாலையை நான் சின்னதாக் கட்டிக்கிறேன்."