நீட்டிய மோவாய்

விளக்குப் பலகையில் மாட்டிய எக்ஸ்ரே படத்தில் அண்ணியின் கீழ்த்தாடை வெளிறித் தெரிகிறது. பல் போன இடத்தில் மட்டும் எலும்பு, கரைந்த சோப்புத் துண்டு போல மெலிந்திருக்கிறது. பல் மருத்துவர் பேனா முனையால் அங்கே தொடுகிறார். "இதுல ஸ்க்ரூ நிக்காதும்மா. கொஞ்சம் எலும்பு எடுத்து இங்க வெச்சு, அது ஒட்டி வளர்ந்தப்புறம்தான் பல் வைக்கணும்." நாற்காலியில் சாய்ந்திருக்கும் அண்ணி உள்ளங்கையால் வாயை மூடியபடி தலையாட்டுகிறாள். கீழ் முன்பற்கள் விழுந்த நாளிலிருந்து அந்தக் கை அங்கேதான் இருக்கிறது. துணைக்கு வந்திருக்கும் நாத்தனார், வீட்டில் ஒரு கரண்டிக்காகக்கூட அவளோடு மல்லுக்கு நிற்பவள், எழுந்து வருகிறாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மோவாயை மருத்துவருக்கு நேராக நீட்டுகிறாள். "என்னோடதுல எடுத்துக்கோங்க டாக்டர். பேசிப் பேசி நல்லா உரமேறிக் கிடக்கு." வாய் கொப்பளிக்கும் தொட்டியில் தண்ணீர் சொட்டுகிறது. மருத்துவர் சிரிக்காமல் சொல்கிறார்: "அவங்க மோவாயிலேருந்தே எடுத்துக்கலாம்மா." நீட்டிய மோவாய் அப்படியே நிற்கிறது. அண்ணி வாயிலிருந்து கையை எடுத்து அதைப் பிடித்துக்கொள்கிறாள். "உனக்கு அது வேணும்டி. நாளைக்கு என்னோட எப்படிச் சண்டை போடுவே?" நாற்காலி விளக்கின் அத்தனை வெளிச்சத்தில், முன்பல்லில்லாத வாய் திறந்தே இருக்கிறது.