பச்சை வில்லை

காப்பகத்தின் கதவு குழந்தையின் கழுத்தில் ஒட்டிய வில்லை பச்சையாக இருந்தால்தான் திறக்கும். கிருமியை எதிர்க்க உடம்பு தானே மூட்டும் அடுப்புதான் காய்ச்சல். உடம்பு சூடேறினால் வில்லையே மருந்தை உள்ளே விட்டு அதை அணைத்துவிடும். அதனால் காய்ச்சல் இல்லை என்று காட்டும் பச்சை நிறம் மாறவே மாறாது.

அன்றும் கதவு திறந்தது. ஆனால் குழந்தை ஜெனிட்டா அம்மா அருள்மேரியின் தோளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காலையிலேர்ந்து பால்கூடக் குடிக்கல ஆயாம்மா," என்றாள் அருள்மேரி.

"பச்சதானே காட்டுது? குடும்மா உள்ள. எல்லாப் புள்ளைங்களும் இப்படித்தான் கெடக்குதுங்க. எனக்கும் நிம்மதி."

அருள்மேரி எட்டிப் பார்த்தாள். பாய்களில் படுத்திருந்த குழந்தைகளில் ஒன்றுகூட அழவில்லை.

"இன்னைக்கு லீவு போட்டுக்கறேன்."

"பச்சைக்கு எவன் லீவு குடுப்பான்? போன மாசம் இப்படி லீவு போட்ட ஒருத்திக்கு வேலையே போச்சு."

அருள்மேரிக்கும் வாரக்கணக்கான தூக்கம் பாக்கி இருந்தது. ஆனாலும் வில்லையைப் பிய்த்தாள். கதவு சாத்திக்கொண்டது.

மதியம் ஆஸ்பத்திரி வரிசையில் குழந்தையின் கழுத்து கொதித்தது. டாக்டர் கூப்பிடும்போது ஜெனிட்டா வீறிட்டு அழுதாள். பையில் அலுவலக போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அழுடி தங்கம், நல்லா அழு," என்றபடி அருள்மேரி உள்ளே போனாள்.