ஒன்பது மணி ஓடு

"நிறுத்துங்க தருமன்."

ஜேசிபியின் கை அந்தரத்தில் நின்றது. மணி ஏழு. நாலு நாளாக இதே ஏழு மணிதான்.

ஆரணியில் பழைய சத்திரத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்ட அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தான் தருமன். மண்ணுக்குள் பழம்பொருள் ஏதாவது வருகிறதா என்று கண்காணிப்பது சாவித்திரி மேடத்தின் வேலை. ஏதாவது வந்தால், அவர் பார்த்து முடிக்கும்வரை தோண்டக் கூடாது. குழியில் இறங்குவார். ஒரு பானை ஓட்டோடு ஏறுவார். தூரிகையால் துடைப்பார், படம் எடுப்பார், எழுதுவார். ஒன்பது மணிக்கு, "ஒண்ணுமில்ல, தோண்டுங்க" என்பார்.

தருமனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எந்த ஊரில் பானை ஓடு கடிகாரம் பார்த்து வெளியே வருகிறது?

சாயங்காலம் மேடத்தின் பெட்டியை எட்டிப் பார்த்தான். அதே ஓடு, ஓரத்தில் அதே உடைசல். நாலு நாளும் இந்த ஒன்றுதான் கிடைத்துக்கொண்டிருந்ததா? வேலை நகரவில்லை என்று தினமும் ஏச்சு வாங்குகிறவன் அவன். பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஓட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காண்ட்ராக்டர் சந்திரமோகனுக்கு போன் போட்டான்.

"அண்ணே, அந்தம்மா நாடகம் ஆடிகினு இருக்குது. காலையில வாங்க, ஒண்ணு காட்றேன்."

"வரேன். அவங்க வேலைக்கே உலை வெச்சிடறேன்."

மறுநாள் மெஷினில் ஏறப்போனவனைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார் நெசவாளர் தனக்கோடி. அவருக்குப் பின்னால் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும். ஈரப் பாவு மேல புழுதி பட்டா புடவையே பாழு. ஒன்பது மணிக்குள்ள காஞ்சிடும், அப்புறம் தோண்டுங்கன்னு காண்ட்ராக்டரைக் கேட்டோம். முடியாதுன்னுட்டாரு. மேடமும் அந்த அதிகாரம் எனக்கில்லன்னாங்க. ஆனா என்னமோ, நாங்க பாவு விரிக்கிற நேரம் மெஷின் நின்னுடுது. சாமி செயல்."

தருமன் திரும்பிப் பார்த்தான். மேடம் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் காண்ட்ராக்டர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன மேடம், இன்னிக்கு ஒண்ணும் கிடைக்கலையா? தருமா, என்னமோ காட்றேன்னியே?"

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. தருமனுக்குத் தன்னை நினைத்தே அசிங்கமாக இருந்தது.

குழியில் இறங்கினான். அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணைக் கிளறினான். எழுந்தபோது கையில் மண் அப்பிய ஓடு ஒன்று இருந்தது.

"நான்தாண்ணே தப்பா புரிஞ்சிகினேன். இதோ பாருங்க, நெஜமாவே வருது."

ஓட்டை மேடத்திடம் நீட்டினான்.

"ஜல்தி வேணாம் மேடம். நல்லாப் பாருங்க. ஒன்பது மணி ஆவட்டும்."