கிழவி ஆமையின் பட்டினி

யுத்தம் முடிந்து, ஊரில் முகாமிலிருந்த தாயின் குரலைத் தொலைபேசியில் கேட்ட நாள்முதல் பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரொறன்ரோ ஆய்வுக்கூடத்தில் ஒரே கவலைதான். அருகிவரும் பாலைவன ஆமைகளில் அவள் பராமரித்த கிழவி, முட்டையிட்டபின் தீன் தொடாமல் சாகக் கிடந்தது.

முட்டை பொரித்து ஒரு குஞ்சு வெளியே வந்தது. மரபணுச் சோதனை அந்தக் குஞ்சைத் தாய் என்றும், கிழவியை அதன் மகள் என்றும் சொன்னது.

“இரத்த மாதிரியை மாத்திப்போட்டாய் பிள்ளை,” என்றார் கூட வேலைசெய்யும் பஸ்ரியன்.

“இல்லை அண்ணை. திரும்பவும் எடுத்துப் பாத்திட்டன். அதே முடிவுதான் வருது.”

“குஞ்சுதான் தாயெண்டால், மகளுக்குக் கீரையை வாயில தீத்திவிடட்டுமன்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேர்ணடெற் குஞ்சைக் கிழவியின் கூண்டில் விட்டாள்.

குஞ்சு கீரைத் துண்டொன்றைக் கவ்விக்கொண்டு கிழவியின் முகத்தருகே ஊர்ந்துபோய் நின்றது. கிழவி வாயைத் திறந்தது.