வளைக்குள் ஆள் இருக்கிறது

கணவர் இறந்த பிறகு, அவர் கண்டெடுத்த புதிய சிலந்தி இனத்தை விவரித்து எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது. இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். மண்ணில் வளை தோண்டி, வாசலுக்குப் பட்டு நூலால் ஒரு மூடி நெய்துகொள்ளும் ஆதிகாலச் சிலந்தி அது. கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஆல்கஹால் புட்டியில் செத்து மிதந்தது.

மூடியின் அகலத்தை மட்டும் அவர் அளக்காமல் விட்டிருந்தார். அதை அளக்க அவள் கிளம்பும்போது தங்கை போன் செய்தாள்.

"சாப்ட்டியாக்கா?"

"ஆச்சுடி" என்று பொய் சொல்லிவிட்டு, அவர் அந்தச் சிலந்தியைப் பிடித்த ஓடைக்கரைக்குப் போனாள். அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை.

சிலந்தியை எடுத்துவிட்ட காலி வளைதானே என்று இடுக்கியால் மூடியைத் தூக்கினாள். அது அசையவில்லை. உள்ளிருந்து ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது. வேறொரு சிலந்தி குடிவந்திருக்கும் என்று எண்ணி, விரல் நகத்தால் லேசாகத் தட்டினாள்.

உள்ளே ஒரு ஆண்குரல் தொண்டையைச் செருமியது. குளியலறைக் கதவைத் தட்டினால் அவர் அப்படித்தான் செருமுவார்.

அவள் மூடியை அளந்து குறித்துக்கொண்டாள்.

"அவசரமில்ல, மெதுவாவே வாங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.