இலவச சர்வீஸ்

ஜீப் கம்பெனி தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைந்ததால், பழைய ஜீப்புகளுக்கு இலவசமாக சர்வீஸ் செய்து கொடுத்தார்கள். சர்வீஸ் முடிந்து சில நாள் கழித்து, கள்ளக்குறிச்சி ஷோரூம் மேலாளர் நர்மதா, கல்வராயன்மலையில் ஜீப் ஓட்டும் வெற்றிவேலை அழைத்து, விளம்பரப் படத்துக்காகக் கேமரா முன் நிறுத்தினாள்.

"உங்க வண்டி அனுபவத்தைச் சொல்லுங்கண்ணே."

"என் வண்டியைக் கெடுத்துட்டீங்க!"

நர்மதா திகைத்தாள். "என்னண்ணே இது? ஓட்டை சைலன்சரைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டியிருக்கோம். மலையே அதிர்ற மாதிரி போன வண்டி, இப்ப பூனை மாதிரி போகுது."

"பூனையை யாரு கேட்டாங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டா இன்னா கொறைஞ்சிடும்?"

"சத்தம் வேணும்னு சண்டை போடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று மெக்கானிக் முருகவேல் சிரித்தார். "ஆரன் அடிச்சிக்கினு போங்களேன்."

"ஆரனை எல்லா வண்டியுந்தான் அடிக்குது. எங்க ஊர்ல போனுக்கு டவர் எடுக்காது. என் வண்டி சத்தம் கேட்டாத்தான் நோயாளியைத் தூக்கிக்கினு ரோட்டுக்கு வருவாங்க. முந்தாநாள் ஆயம்மாக்கா நெஞ்சுவலியில துடிச்சிக்கினு, என் வண்டி சத்தத்துக்காக வூட்டுக்குள்ளயே காத்துக்கினு இருந்திருக்குது. நான் அந்த வூட்டைத் தாண்டித்தான் போனேன்! அப்புறம் பால் எடுக்க வந்த வண்டிக்காரர் பார்த்து ஏத்திக்கினு போனதால பொழச்சிது. எங்க மலைச்சாமி கரியராமன் புண்ணியம்!"

முருகவேலின் சிரிப்பு அடங்கியது. கேமராக்காரர் கேமராவை அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்க" என்றாள் நர்மதா. "அண்ணே, முதல்லேருந்து சொல்லுங்க. கம்பெனிக்காரங்க கேக்கட்டும்."

அதற்குள் முருகவேல், கழித்துப் போட்டிருந்த பழைய இரும்புக் குவியலைக் கிளறத் தொடங்கியிருந்தார்.