மாஸ்டர் இருப்பாரா?

ஷூ கம்பெனி வேலையை விட்டு, பி.எஃப். பணத்தோடு துரைசாமியின் ஆம்பூர் பிரியாணிக் கடையை வாங்க வந்திருந்தான் புகழேந்தி.

"ஏண்ணே விக்கிறீங்க?"

"கல்லாவுல உக்காந்து ஒரே பேஜாருப்பா."

விடியற்காலையிலேயே தம் போட்டுவிடும் மாஸ்டரை அவன் பார்த்ததே இல்லை. "மாஸ்டர் போய்ட்டார்னா நான் காலிண்ணே!"

"போகமாட்டாரு. ஆனா சம்பளத்தோட வாரம் ஒருநாள் லீவு குடுக்கணும். திட்டக்கூடாது."

"தலைமேல வச்சுத் தாங்குறேன்!"

கையெழுத்தானதும் புகழேந்தி பரபரத்தான். "மாஸ்டரைக் கூப்பிடுங்கண்ணே."

துரைசாமி கல்லாச் சாவியை அவனிடம் நீட்டிவிட்டு, கைகட்டி நின்றார்.

"நான்தாங்க மாஸ்டர், முதலாளி! நாளைக்கு லீவு வேணும். வீட்ல சினிமாவுக்குக் கூப்பிடுறா!"